பர்மனென்ட் கட்டத்தில் ஒரு டிக்

ஆப்பிரிக்காவில் ஒரு மலையூரில் மிஷன் பள்ளி ஆசிரியர்களாக ஊழியம் செய்துவந்த நானும் என் மனைவியும், மைத்துனி கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தோம். கல்யாணம் முடிந்தது. பந்தலைப் பிரித்தார்கள், பாத்திரக் கடைக்காரர் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு போனார். எங்களை ஏற்றிக்கொண்டு போகத்தான் ஆளில்லை. அந்த நாட்டில் தங்கி வேலை பார்க்கும் பர்மிட் காலாவதியாகி, புதியது வரவில்லை.

மந்தாரக்குப்பத்தில் மாமனார் வீட்டிலேயே முகாம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கோழிக்குழம்பு சாம்பாராகி, சாம்பார் ரசமாகி, நானே ரேஷன் கடை வரிசையில் நிற்கும் அளவுக்கு வீட்டு மனிதனாகிவிட்டேன். தெருவில் பார்ப்பவரெல்லாம், "இன்னும் கெளம்பலீங்களா?" என்றார்கள். சபையில் ஒரு அம்மா, "அங்க வேணாம்னுட்டாங்களா தம்பி?" என்றே கேட்டுவிட்டார்.

எனக்குப் பொறுமை கிடையாது. அந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பள்ளி திறக்கும்போது நாங்கள் அங்கே இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்பை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மிஷனில் சொல்லியிருந்தார்கள். என் மனைவிக்கு அந்த வகுப்புதான் உயிர்.

எனக்குத் துணை மாமனார்தான். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. காண்ட்ராக்ட் கைமாறியதில் அவருடைய கேட் பாஸும் முடிந்து, புதிய பாஸுக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தார். காலையில் இருவரும் டீக்கடைக்குப் போவோம். "மாப்ளைக்குப் பர்மிட் இல்ல, மாமனுக்குப் பாஸ் இல்ல. ரெண்டு டீ போடு," என்பார்.

ஒருநாள் மிஷன் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எங்கள் மனு நிரந்தரக் குடியிருப்புப் பிரிவில் கிடக்கிறதாம். அங்கே வருஷக்கணக்கில் ஆகுமாம். அப்படிக் கேட்டது நாங்களேதானாம்.

ஃபாரத்தை நிரப்பியவள் என் மனைவி. திரும்பிப் பார்த்தேன்.

"ரெண்டு கட்டம் இருந்துச்சு. ஒண்ணு பர்மனென்ட், ஒண்ணு டெம்பரரி. யாராவது டெம்பரரில போயி டிக் போடுவாங்களா?"

கத்துவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். எங்கள் ஊரில் பெண் கொடுக்கும்போதும், வீடு வாடகைக்கு விடும்போதும் முதல் கேள்வி, "பர்மனென்டா, காண்ட்ராக்டா?" என்பதுதான். நான் சுரங்கக் கம்பெனி நகரியத்துக் குவார்ட்டர்ஸில் பர்மனென்ட் ஊழியரின் பிள்ளையாக வளர்ந்தவன். அந்தக் கேள்வி என்னைச் சுட்டதில்லை. அவள் அப்பாவோ, அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே பர்மனென்ட் ஆவோம் என்று காத்திருப்பவர். அவளை நினைக்கப் பாவமாக இருந்தது.

டெம்பரரி என்று மாற்றிக் கொடுத்தால் இரண்டு வருஷப் பர்மிட் சீக்கிரமே கிடைக்கும் என்று மிஷனில் சொன்னார்கள். அவள் அசையவில்லை.

"அப்பா மாரி ஒவ்வொரு தடவையும் போயி நிக்க என்னால ஆவாது."

"அப்ப உன் ஒண்ணாங்கிளாஸ்?" என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேச்சும் இல்லை.

மூன்றாம் நாள் மாமனாருக்குப் பாஸ் வந்தது. மறுநாள் காலை ஷிப்ட். இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் பாஸ், சைக்கிளில் சாப்பாட்டுத் தூக்கு. கல்யாண மாப்பிள்ளை கூடத் தோற்றுப்போவான்.

"எத்தினி மாசத்துக்குப்பா?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஆறு மாசம்."

"அவ்ளோதானா?"

"போன தடவ மூணுதான் குடுத்தான்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, ஏதோ ஒரு பாமாலையை முனகிக்கொண்டே சைக்கிளை மிதித்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை இவள் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, "ஏங்க, அந்த ஃபாரத்த மாத்திக் குடுத்துருங்க," என்றாள்.

பள்ளி திறக்கும் முன்பே பர்மிட் வந்துவிட்டது. மாமனார் ஷிப்ட் முடிந்து, நிலக்கரித் தூசி படிந்த சட்டையோடே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார்: "பொண்ணுக்கு அங்க பர்மனென்டா?"

"அதெல்லாம் இல்லீங்க. என்ன மாரிதான். ரினிவல் ஆயிக்கினே இருக்கும்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மனைவி சத்தமாகச் சிரித்தாள். பண்ருட்டி வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.