எட்டு டம்ளர் தண்ணீரும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களும்

நர்சு வேலையில் ஊசி போடுவது சுலபம், பிரசவம் பார்ப்பதுகூடப் பழகிவிடும்; அறுபது தாண்டிய ஒருவரைத் தண்ணீர் குடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்து, "குடிச்சாச்சு, குடிச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே டம்ளரைச் செடிக்கு ஊற்றுகிறவராக இருந்தால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

கச்சிராயபாளையத்தைச் சுற்றியிருக்கிற கிராமங்களுக்கு நான் நர்சாக இருந்தேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். எந்த நாள் பஸ் ஓடும், எந்த நாள் போராட்டக்காரர்கள் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டு மறிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்போது ஒரு கோடையில், வயசானவர்கள் மயக்கம், நீர்க்கடுப்பு என்று வரிசையாக ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். எங்கள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "கர்ப்பிணி, குழந்தைங்கன்னு மட்டும் பாத்தா போதாதும்மா. பெரியவங்களையும் பாருங்க. தினம் எட்டு டம்ளர் தண்ணி, அரை மணி நேரம் நடை. வீடு வீடா போய்ச் சொல்லுங்க" என்றார். இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம் ஆயிற்று. ஊர் கேட்க நாலு வருஷம் ஆயிற்று.

காலையிலேயே முடிந்த வேலை

முதலில் சொன்னது கோவிந்தசாமியிடம். கரும்பு விவசாயி, நீர்க்கடுப்பில் துடித்துக்கொண்டு வந்தவர். எட்டு டம்ளர் என்றதும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் விடிந்ததும் அவர் சம்சாரம் ஓடி வந்தார். போய்ப் பார்த்தால் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடக்கிறார். எதிரே எட்டு டம்ளர் வரிசையாக. எழுந்த கையோடு எல்லாவற்றையும் நிரப்பி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக வாயில் கவிழ்த்திருக்கிறார். ஆறு வரைக்கும் ஒழுங்காகப் போயிருக்கிறது. ஏழாவது வெளியே வந்துவிட்டது, முன்னால் போன ஆறையும் கூட்டிக்கொண்டு.

"ஒரேயடியா இல்லீங்க, நாள் பூரா பிரிச்சிப் பிரிச்சிக் குடிக்கணும்" என்றேன். அவர் என்னை வேலை வெட்டி இல்லாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கரும்புக்கே வாரத்துக்கு ஒரு தபா மடைய தொறந்து வுட்டா போதும் நர்சம்மா. நாள் பூரா நா குடிச்சிக்கினே இருந்தா, கொல்லையில வேலைய எவன் பாக்கறது?"

பாட்டில்

செல்லம்மா நாற்று நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். அறுபத்தைந்து இருக்கும். வெயிலில் வேலை செய்துவிட்டு, நாக்கு வறண்டு, கண் உள்ளே போய், பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "பாட்டிலு ஏத்தும்மா" என்றார். குளுக்கோஸைத்தான் சொன்னார். வாயால் குடிக்க முடிகிறவருக்கு அது வேண்டாம் என்று உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துச் சொம்பில் நீட்டினேன். தொடவில்லை. "தண்ணி என் வூட்லயே கீது. அதுக்கா மூணு மைலு நடந்து வந்தேன்?" என்றார். பாட்டிலில் இருப்பதும் இதே மாதிரி தண்ணீர், சர்க்கரை, உப்புதான் என்று விளக்கினேன். சொம்பை என் பக்கமே தள்ளினார். "அப்ப பாட்டில்லியே ஊத்திக் குடு."

காலி பாட்டில் ஒன்றை வெந்நீரில் கழுவி, கரைசலை அதில் ஊற்றிக் கொடுத்தேன். பாட்டில் தொங்கவிடும் கம்பிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் குடித்தார். ஒரு மணி நேரத்தில் முகம் தெளிந்தது, எழுந்து நடந்தே போனார். ஊசி குத்தாமல் பாட்டில் ஏற்றுகிறார்கள் என்ற சேதி மறுநாளே தெரு முழுக்கப் பரவியது. நாலு பேர் வந்தார்கள். கையில் கிடைத்த பாட்டில்களில் ஊற்றிக் கொடுத்தேன். அதில் கடைசியாக வந்த ராசம்மா தன் பாட்டிலையும் பக்கத்தில் இருந்தவர் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அவுளுக்கு மட்டும் பெரிய பாட்டிலு, எனக்குச் சின்னதா? இன்னாம்மா, அவுள வுட எனக்குச் சீக்கு கம்மின்னு நெனச்சிக்கினியா?"

எங்கேயும் போகாதவர்

நடக்க வைப்பது இதைவிடக் கஷ்டம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். சர்க்கரை வியாதி. டாக்டர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. மறுநாளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் நடக்கக் கிளம்பிவிட்டார். அந்தக் காலத்தில் காரணமில்லாமல் நடக்கிற ஆளை ஊர் பார்த்ததில்லை. வழியில் போன டிராக்டர்காரர் இவரிடம் படித்தவர், "நீங்க நடக்கறதா சார்?" என்று வலுக்கட்டாயமாக ஏற்றி அணையில் இறக்கிவிட்டார். திரும்பும்போது ஒரு மாட்டு வண்டி. இன்னொரு நாள் சைக்கிள் கேரியர். ஒரு மாதம் கழித்து எடை பார்த்தால் ஒரு கிலோ ஏறியிருக்கிறது.

"இனிமே யார் கூப்பிட்டாலும் நிக்காதீங்க சார், வேகமா போய்க்கிட்டே இருங்க" என்று சொன்னது நான்தான். என் தப்பு. அந்த வாரம்தான் மரம் வெட்டிப் போட்ட வழக்குக்காகப் போலீஸ் ஊர் ஊராக ஆள் தேடிக்கொண்டிருந்தது. பொழுது விடிகிற நேரத்தில், யார் கூப்பிட்டும் நிற்காமல் ஒருவர் வேகமாகப் போகிறார். விட்டுவிடுவார்களா? ஜீப்பைக் குறுக்கே நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்லாத மனிதர், "எங்கயும் போகல" என்றிருக்கிறார். யாரைப் பார்க்க? "யாரையும் பார்க்க இல்ல." அப்புறம் எதற்கு நடக்கிறீர்கள்? "திரும்பி வர்றதுக்கு."

ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். சேதி தெரிந்து நான் அவருடைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். சர்க்கரைக்காரர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ஆபத்து என்று சொன்னதும் பதறிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிய ஏட்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "எங்கயும் போவாதவரு கொஞ்சம் மெதுவா போயிருக்கலாம் இல்லீங்களா சார்?"

அட்டை எழுதியவர்

எங்கள் டாக்டருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. எட்டு டம்ளர் கணக்கைப் பெரிய எழுத்தில் தன் கையாலேயே அட்டையில் எழுதி, நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அவர் தொண்டையில் இறங்குவது மட்டும் டீ. ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நிரம்பி வழிகிற நேரத்தில், ஒரு பெரியவரை "தண்ணி குடிக்காம இப்படியா ஒடம்பக் கெடுத்துக்குவீங்க" என்று திட்டிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்துவிட்டார். திட்டு வாங்கியவரே தாங்கிப் பிடித்தார். கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரகத்தில் கல்.

பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினார். கம்பவுண்டர் ஒரு பெரிய கூஜா தண்ணீரை மேஜைமேல் வைத்துவிட்டு, அட்டையை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் கூஜாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சொன்னார்: "எழுதுனது நான்தான்யா. ஆனா நாற்காலிக்குப் பின்னால மாட்டிட்டேன், உக்காந்தா எனக்குத் தெரிய மாட்டேங்குது."

மலைமேல் ஒரு பாடம்

கல்வராயன் மலையில் ஒரு முகாம். ஜீப் போகிற வரைக்கும் போய், மிச்சத்தை நடந்தோம். எங்களுக்கு முன்னால் பொன்னி என்கிற அம்மாள் தலையில் விறகுக் கட்டோடு ஏறிக்கொண்டிருந்தார். என்னைவிட முப்பது வயது பெரியவர். நான் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன், அவர் மூன்று இடத்திலும் கட்டை இறக்காமலே எனக்காக நின்றார். மேலே போய், அவரையும் இன்னும் பத்துப் பேரையும் உட்கார வைத்து, மூட்டு இறுகாமல் இருக்கக் கையை மேலே தூக்கி இறக்குவது எப்படி என்று நான் செய்து காட்டினேன். எனக்கு மூச்சு வாங்கியது. அவர்கள் சிரித்து உருண்டார்கள்.

அதே பொன்னிக்கு ரத்த அழுத்தம் குறைந்து கிடப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு போய்விட்டது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். தோல் வறண்டு கிடந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்றேன். இரண்டு சொம்பு. எட்டு டம்ளர் பாடத்தை எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சரிவுக்குக் கீழே கையைக் காட்டினார். வெகு கீழே ஊற்று. பாறையில் கால் வைத்து ஒரு பெண் இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடங்களோடு ஏறிக்கொண்டிருந்தாள். "அது என் மருமவ. நா ஒரு சொம்பு ஜாஸ்தியா குடிச்சா, அவ ஒரு நட ஜாஸ்தியா ஏறணும்."

ஒதுங்க ஓர் இடம்

கடலூரில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறினேன். என் முன் சீட்டில் ஒரு பெரியவரும் அவர் மகனும். நைனார்பாளையத்தில் நிலபுலன் உள்ளவர்கள். பெரியவர் பெயர் வேங்கடாசலம். மோர்க்காரி ஜன்னலுக்கு வந்தபோது, "வாணாம், வண்டில ஒக்காந்துக்கினு அவஸ்தப்பட முடியாது" என்று தலையைத் திருப்பிக்கொண்டார். காலையிலிருந்தே ஒன்றும் குடிக்கவில்லை என்று மகன் பெருமையாகச் சொன்னார். கால் மணி நேரம் ஓடியிருக்கும், பஸ் நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே புளியமரங்கள். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். மரங்களுக்கு அந்தப் பக்கம் கொடியோடு கோஷம்.

உச்சி வெயில். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. மூன்று மணி நேரம் போனதும் பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சரோஜா, மாட்ட அவுத்துக் கட்டினியா?" என்று கேட்டார். நான் சரோஜா இல்லை. சரோஜா அவர் சம்சாரம், இறந்துபோய் ஆறு வருஷம் என்று மகன் சொன்னார். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதிக்கிறது, வியர்வை பொட்டுகூட இல்லை. இறக்கி மர நிழலில் படுக்க வைத்தோம். என் பையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆறு இருந்தது. தண்ணீர்தான் இல்லை.

"தண்ணி இருந்தா கொண்டாங்க!" என்று கத்தினேன். பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி தன் குடத்தோடு ஓடி வந்தாள். வந்தவள் பத்தடி தள்ளியே நின்றுவிட்டாள். மகன், "எந்தத் தெரு..." என்று ஆரம்பித்தார். "உங்க அப்பா பொழைக்கணுமா வாணாமா?" என்றேன். விலகி வழிவிட்டார். அவளைக் கிட்டே கூப்பிட்டேன். துணியை நனைத்து உடம்பெல்லாம் துடைத்தோம். பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்தேன்; தலையைத் தூக்கிப் பிடித்து, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து அவள் தன் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கோஷம் போட்டவர்களில் நாலு பேர் துண்டால் விசிறினார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தவர், அவளைப் பார்த்து, "இன்னும் ஊத்து தாயி" என்றார். குடம் காலியானது.

மரத்தை ஒதுக்கி எங்கள் பஸ்ஸை மட்டும் விடுவதாகப் போராட்டக்காரர்கள் சொன்னார்கள். எல்லாரும் அவரை ஏறச் சொன்னார்கள். அவர் ஏறவில்லை. முன்னால் பார்த்தார், கூட்டம். பின்னால் பார்த்தார், பஸ் வரிசை. மரத்துக்குப் பின்னால் போலீஸ். போராட்டக்காரர்களின் தலைவரைப் பார்த்து, உயிர் திரும்பிய குரலில் ஒரு சத்தம் போட்டார்: "எட ஒதுக்கீடு கேக்கறீங்களே, மொதல்ல எனக்கு ஒதுங்க ஒரு எடத்த ஒதுக்குங்கடா!"

கண்டக்டர் புகார்

இந்தச் சேதி சின்னசேலம் வரைக்கும் போய், எங்கள் ஊருக்கும் வந்தது. தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறினால் செத்துப்போன பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம் என்ற பயம், என் நாலு வருஷத்துப் பேச்சு செய்யாததைச் செய்தது. வயசானவர்கள் எல்லாரும் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டுத்தான் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு நாள் கள்ளக்குறிச்சி போகிற வண்டியில் ஏறினேன். கண்டக்டர் எனக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். வண்டியும் ஒரு வேப்பமரத்துப் பக்கம், ஸ்டாப்பே இல்லாத இடத்தில் நின்றது. ஏழு பெரியவர்கள் இறங்கிப் போனார்கள். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். கண்டக்டர் என் பக்கம் குனிந்து சொன்னார்: "போராட்டக்காரங்க மாசத்துக்கு ஒரு நாளுதான் பஸ்ஸ நிறுத்தனாங்க, நீங்க டெய்லி மூணு எடத்துல நிறுத்தறீங்களே நர்சம்மா!"

இத்தனை வருஷ வேலையில் நான் கண்டது ஒன்றுதான்: வயசாக ஆக மனிதர் உடம்பில் தண்ணீர் கம்மியாகிறது, பிடிவாதம் மட்டும் ஒரு சொட்டுகூட வற்றுவதில்லை.