ஜப்பார் நெய்த துவாய்

போன வாரம் ஒரு துவாய்க்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள்... உண்மை!

என் மச்சினன் நசீர் கிழக்கிலங்கையின் மருதமுனையில் பன்னிரண்டு கைத்தறி வைத்து நெசவுச்சாலை நடத்துகிறான். ஜெர்மனியிலிருந்து குளித்துத் துவட்டும் துவாய்க்கு ஓடர் வந்தது. ஆனால் வெறும் துவாய் போதாதாம். ஒவ்வொன்றிலும் ஒரு கியூஆர் கோட் வேண்டும். போனைக் காட்டினால் அதன் பூர்வீகம் முழுவதும் வர வேண்டும் — நூல் எந்த ஊர், சாயம் எது, கழுவிய தண்ணீர் எங்கே போனது, நெய்தது யார். டிஜிட்டல் பாஸ்போர்ட் என்று பெயர். பூமியைக் காப்பாற்றவாம். நாமும் சந்தையில் 'இது எங்க பட்ட மீன்?' என்று கேட்டுத்தானே வாங்குகிறோம்? அதே கேள்விதான், கொஞ்சம் கோட்டு சூட்டு போட்டு வந்திருக்கிறது.

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்குப் படிவம் நிரப்பத் தெரியாதா என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தான் நசீர். நூல், சாயம், தண்ணீர் எல்லாம் மளமளவென்று சொன்னான். 'நெய்தவர் பெயர்' என்ற இடம் வந்ததும் ஆளுக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால், அங்கே நெய்கிற பன்னிரண்டு பேரும் பெண்கள்.

"பொண்டுகள்ட பேர உலகம் பூராப் போடுறதா மச்சான்? மானம் போயிரும். மாப்பிள்ளமார்ட பேரப் போடுங்க."

எங்கள் பக்கத்தில் சில வீட்டார் கல்யாணக் கார்டிலேயே மணமகளின் பெயரைப் போடுவதில்லை. 'அன்பு மகள்' என்பதோடு சரி. கார்டில் இடமில்லாதவளுக்குத் துவாயிலா இடம்? நானும் பெரிய சீர்திருத்தவாதி மாதிரித் தொண்டையைக் கனைத்தேன்... பிறகு அவன் சொன்னபடியே தட்டினேன்.

முதல் துவாய் நசீரின் ராத்தா, அதாவது அக்கா, சல்மா நெய்தது. நெய்தவர் பெயர்: ஜப்பார். அது சல்மாவின் கணவர். கட்டாரில் கிரேன் ஓட்டுகிறார்.

மூன்றாம் நாள் ஜெர்மனிக்காரர் ஈமெயில் போட்டார். படத்தில் பார்த்த துவாய் அழகோ அழகாம். ஜப்பாரோடு வீடியோவில் இரண்டு வார்த்தை கதைக்க வேண்டுமாம். நசீர் பதறிப்போய்க் கட்டாருக்குக் கோல் எடுத்தான்.

"மச்சான், அவன் கேட்டா தறியில இரிக்கன் எண்டு சொல்லுங்க."

"தறியா? நான் கிரேன்ட உச்சியில இரிக்கன்டா! கீழ பாத்தா பாலைவனம் தெரியிது. அவன் என்ன குருடனா?"

நாங்கள் வீடியோவுக்குச் சாக்குச் சொல்லி இழுத்தடிக்க, விபரம் பிழையென்றால் ஓடர் ரத்து என்று அடுத்த ஈமெயில் வந்தது. பன்னிரண்டு வீட்டு அடுப்பு அந்த ஓடரில்தான் எரிகிறது. அப்போதும் நசீர், "வேற ஒரு ஆம்புளையப் புடிச்சி தறியில இருத்துவமா?" என்றானே பார்க்கலாம்!

தறியிலிருந்து சல்மா எழுந்து வந்தார். 'மானம்' என்று அவன் மறுபடி ஆரம்பித்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

"டேய் நசீர், என்னய சவூதிக்கு ஊட்டு வேலைக்கு அனுப்பக்குள்ள என்ட பேரையும் போட்டோவையும் ஏஜென்சிக்காரன்ட கையில குடுத்தது ஆரு? நீதானே? எந்தெந்த ஊட்டுக்காரனெல்லாமோ பாத்துத்தானே என்னய எடுத்தான்? அண்டைக்கு எங்கடா போயிருந்திச்சி உன்ட மானம்?"

நசீர் லேப்டொப்பை என் பக்கம் தள்ளினான். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு, பன்னிரண்டு பெண்களின் பெயரையும் அடித்து முடித்தேன்.

பெண்ணை ஏற்றுமதி செய்தபோது சும்மா இருந்த மானம், துவாயை ஏற்றுமதி செய்யும்போது மட்டும் துள்ளிக் குதிக்கிறது!