முன்னால் நடந்தவன்

இத்தாலியில் வேலை பார்க்கும் எங்கள் மகள், லூக்கா என்ற பழைய கோட்டை நகரைப் பார்க்க எங்களை அழைத்துப்போனாள். ஊரைச் சுற்றியிருக்கும் மதில்மேல் மரநிழலில் அகலமான பாதை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து போனில் பேச, நானும் மனைவியும் நடந்தோம். திண்டிவனத்தில் பஸ்ஸுக்குள் துண்டு போட்டு இடம்பிடித்தே பழகியவன் நான். அங்கும் விறுவிறுவென்று முன்னால் போனேன். வெகுதூரம் போய்த் திரும்பினால் மனைவியைக் காணோம். அவளுக்கு அந்த ஊர் பாஷை தெரியாது. பதறி வந்த வழியே ஓடினேன்.

பாதையோரம் ஓர் இத்தாலியக் கிழவியோடு உட்கார்ந்து, காகிதத்தில் எதையோ வைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“எங்கடி தொலைஞ்சே?” என்று கத்தினேன்.

“நானா தொலைஞ்சேன்? கூப்புடக் கூப்புட நீங்க பாட்டுக்குப் போய்க்கினே இருந்தீங்க. இந்தம்மாதான் கையப் புடிச்சிக் குந்த வச்சாங்க. இந்தாங்க, கடலமாவு அடதான். சூடு ஆறதுக்குள்ள துன்னுங்க.”

நின்றபடியே விழுங்கினேன். ருசி தெரியவில்லை.

இப்போது திண்டிவனம் கடைத்தெருவில் அவளை முன்னால் விட்டு, பரபரக்கும் கால்களை அடக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறேன். அவள் இடது காலை இழுத்து நடக்கிறாள். எத்தனை வருடமாக என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.