கோட்டை ஏறிய கண்டக்டர்

1986 மே 6, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்து குளித்து, அலுவலகம் போக மணலூர்பேட்டையில் ஆறரை பஸ் பிடித்தேன். தியாகதுருகத்தில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்ததால் பஸ் நின்றுவிட்டது.

கண்டக்டர் ஒல்லியானவர். பேசும்போதும் விசில் உதட்டோரத்திலேயே தொங்கும். இறங்கியவர் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தார்.

"பதினோரு வருஷமா இதுக்கு அடியில போய்க்கினு வந்துக்கினு இருக்கேன் சார், ஒரு நாளும் ஏறல. வர்றீங்களா?"

"அதுக்குள்ள வழி விட்டுட்டா?"

"நான் விசில் குடுக்காம டிரைவர் எடுத்துடுவாரா இன்னா?"

ஏறினோம். உச்சியை நெருங்கும்போது கீழே ஹாரன் அலறியது. வழி விட்டுவிட்டார்கள். அவர் கீழே பார்த்து ஒற்றை விசில் ஊதினார். அது நிற்கச் சொல்லும் விசில். பிறகு ஓடிப்போய்ப் பழைய பீரங்கியின் மேல் குதிரைபோல உட்கார்ந்தார். உட்கார்ந்த சந்தோஷத்தில் தன்னை மறந்து இரண்டு விசில் ஊதிவிட்டார்.

பஸ் கிளம்பிவிட்டது.

"ஐயையோ, என் வேலை போச்சு சார்!" என்று பதறி எழுந்தவர் கீழே எட்டிப் பார்த்தார். "ஆனா மேல இருந்து பாருங்க, நம்ம வண்டி இன்னா அழகா போவுது!"

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் காலை முதல் வேலையாக அலுவலகத்தில் தாமதத்துக்கு விளக்கம் எழுதினேன். காரணம்: சாலை மறியல்.