புரட்டாசிச் சனியும் ஒரு சால்மனும்

ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் நகுலேஸ்வரியின் தையல்கடை இருக்கிறது. சேலைக்குச் சட்டை தைப்பதில் அவருக்கு ஹரோ முழுவதும் நல்ல பெயர். அளவெடுக்க வருகிறவர்கள் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கும் நீளமான தூண்டில் தடியைப் பார்த்துவிட்டு, "அண்ணையின்ரயோ?" என்று கணவரை நினைத்துக் கேட்பார்கள்.

"என்ர," என்பார், வாயில் குண்டூசிகளோடு.

வட நோர்வேயில் மீன் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு வருடம் வேலை செய்தவர் அவர். பகலெல்லாம் மீன் வெட்டிவிட்டு, மாலையில் மீன் பிடிக்க ஆற்றுக்குப் போகும் கூட்டாளிப் பெண்களைப் பார்த்து முதல் வருடம் சிரித்தார். இரண்டாம் வருடம் அவர்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அங்கே ஏழு சால்மன் பிடித்தார். லண்டனுக்கு வந்த இந்த ஒன்பது வருடத்தில், மூன்று மணி நேரம் கார் ஓட்டி வேல்ஸில் உள்ள ஓர் ஆற்றுக்குப் போய்வருகிறார். இதுவரை ஒன்றுகூட இல்லை.

"ஒன்பது வருசமாப் போறியள் அக்கா. ஒரு செதிலாவது கொண்டந்தனீங்களே?" என்று கேட்பாள் சிவகௌரி. கடையின் பழைய வாடிக்கைக்காரி. சட்டை தைக்காத வாரத்திலும் வந்து இருந்து கதைப்பவள்.

"கொண்டரேலாது. அங்க பிடிச்சால் திரும்ப ஆத்தில விடவேணும். அதுதான் சட்டம்."

"அப்ப பிடிச்சாலும் ஒண்டு, பிடிக்காட்டியும் ஒண்டு."

நகுலேஸ்வரிக்கு அது ஒன்றல்ல. இந்த வருடமும் வெறுங்கையோடு முடிந்தால் தடியை விற்றுவிடுவதாகக் கோடையிலேயே கணவரிடம் சொல்லியிருந்தார். வாய் தவறிச் சொன்னதுதான். ஆனால் ஞானேஸ்வரன் அதை மறக்கவில்லை. தடி இருந்த இடத்தில் மாட்ட ஒரு சுவர் மணிக்கூடுகூடப் பார்த்து வைத்திருந்தார்.

கோடை முழுவதும் ஆறு வற்றிக் கிடந்தது. அக்டோபர் நடுவில், மீன்பிடி சீசன் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, கொட்டியது மழை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் விடவில்லை. நகுலேஸ்வரி ஒரு கையால் மெஷினை ஓட்டி, மறு கையால் போனில் ஆற்று நீர்மட்ட வரைபடத்தின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு சுவரில் ஏறும் பல்லிபோல் ஏறியது. புதன் மத்தியானம் நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது.

இறங்கும் ஆற்றில்தான் விஷயம் இருக்கிறது. வெள்ளம் கடலில் காத்திருக்கும் மீனை உள்ளே கூப்பிடும். ஆனால் ஏறும்போது தண்ணீர் சேறும் சருகுமாக இருக்கும். மீனுக்குக் கண் தெரியாது. அதிகம் இறங்கிவிட்டால் மீன் ஆற்றில் இன்னும் மேலே போய்விடும். நடுவில் ஒரு நாள் வரும். கோடு இறங்கும் வேகத்தை நகுலேஸ்வரி துணியில் சோக்கால் கணக்குப் போட்டுப் பார்த்தார். சனிக்கிழமை காலை.

சீசனின் கடைசி நாளும் அதுதான். புரட்டாசிக் கடைசிச் சனியும் அதுதான்.

அவர்கள் வீட்டில் வெள்ளி சைவம். புரட்டாசிச் சனி என்றால் விரதம். ஞானேஸ்வரன் கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிப்பார். மீன் என்ற சொல்லே அன்றைக்கு வீட்டுக்குள் வராது. ஆறு சனி என்றது. வீடு வியாழன் என்றது. நகுலேஸ்வரி வீட்டின் பேச்சைக் கேட்டு வியாழனே போனார்.

ஆறு பால்தேத்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தார். சப்பாத்து நுனி தெரியவில்லை. கரையில் தண்ணீர் முட்டும் இடத்தில் ஒரு கல்லை வைத்தார். மூன்று மணி நேரத்தில் தண்ணீர் கல்லை விட்டு ஒரு சாண் விலகியது. மிதந்து வந்த இலைகளும் குறைந்தன. கணக்குச் சரி, நாள்தான் பிழை.

"சனிக்கிழமை வா," என்றார் ஆற்றங்கரைக் காவலர் ஹியூ.

"சனிக்கிழமை எங்களுக்கு ஒரு கிரகத்தோடு பிரச்சினை," என்றார் நகுலேஸ்வரி. ஹியூ மேலே பார்த்தார். மேகம்தான் தெரிந்தது.

வெள்ளி மாலை கத்தரிக்காய் வெட்டியபடியே நகுலேஸ்வரி கணவரிடம் கதையைத் தொடங்கினார்.

"இஞ்சருங்கோ, தின்னப் பிடிச்சால்தானே குற்றம்? நான் விடத்தானே போறன்."

"விடுறதெண்டால் ஏன் பிடிக்கிறீர்? அது பாட்டுக்குப் போகட்டுமே."

"நாளைக்குப் போகாட்டித் தடியை விக்கவேணும்."

ஞானேஸ்வரன் மணிக்கூட்டை நினைத்திருக்க வேண்டும். பிறகு மனைவியின் முகத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

"சரி, போயிட்டு வாரும். ஆனால் மீனைத் தொடக்கூடாது."

"தொடாமல் என்னெண்டு பிடிக்கிறது?"

"அது உம்மட பிரச்சினை. சனீஸ்வரனுக்கு நான் ஒரு பக்கம் எண்ணெய் எரிக்க, நீர் மற்றப் பக்கம் மீன் மணத்தோட வாறதே?"

சனிக்கிழமை காலை ஆறு பால் விடாத பிளேன்டீ நிறத்துக்கு வந்திருந்தது. முழங்காலளவு தண்ணீரில் சப்பாத்து நுனி மங்கலாகத் தெரிந்தது. நகுலேஸ்வரி கல்யாணச் சட்டை ஒன்றில் மிஞ்சிய செம்மஞ்சள் நூலும் ஜரிகையும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைத் தூண்டில் நூலில் முடிந்து, நீரோட்டத்துக்குக் குறுக்கே வீசினார். ஓரடி நகர்ந்தார். மறுபடி வீசினார். பத்தரை மணிக்கு, ஒரு பாறைக்குப் பின்னால், நூல் நின்றது. பிறகு ஓடியது.

இருபது நிமிடம் இழுபறி. ஹியூ வலையோடு ஓடிவந்து தண்ணீருக்குள்ளேயே மீனை ஏந்தினார். வெள்ளிப் பாத்திரம்போல் மின்னியது. நகுலேஸ்வரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு பையிலிருந்து, தையல் நூல் பிரிக்கும் நீள இடுக்கியை எடுத்தார். அந்த ஆற்றில் எதிர்முள் இல்லாத கொக்கிதான் போடலாம். ஒரு திருப்பில் மீனின் வாயிலிருந்து கழன்றது. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை வலை விளிம்போடு நீட்டிப் பார்த்தார். ஹியூ வலையைச் சரித்தார். மீன் போய்விட்டது.

"கையே வைக்கவில்லையே நீ!" என்றார் ஹியூ. "கை பட்டால் மீனுக்குக் கேடு, தொடாமல் விடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. யார் பழக்கினார்கள்?"

"சனீஸ்வரன்," என்றார் நகுலேஸ்வரி.

வீட்டுக் கதவைத் திறந்த ஞானேஸ்வரனிடம் எள்ளெண்ணெய் மணந்தது.

"தொட்டனீரே?"

"இல்லை."

"பிடிச்சனீரே?"

"ஓம்."

மணிக்கூட்டைப் பற்றி அவர் பேசவில்லை. "காலைக் கழுவிப்போட்டு வாரும், சோறு ஆறுது," என்றார்.

அடுத்த கிழமை சிவகௌரி தன் பழைய அளவைத் தேடிக் கடைக் கொப்பியைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"அக்கா, ஆர் இந்த ஆள்?"

பெயருக்கு நேரே சால்மன் என்று எழுதியிருந்தது. நீளம் முப்பத்தொரு அங்குலம். இடுப்பு என்ற இடத்தில்: அளக்கவில்லை, விரதம்.