கூழாங்கல் டாலர்

எனக்கு எழுபத்திரண்டு வயசு ஆகிறது. பெற்றது நான்கு, நாத்தனார் கண்ணை மூடினபோது விட்டுப்போனது ஒன்று, ஆக ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்துக்கும் என் கையால்தான் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன். ஐந்துக்கும் நானே முன்னால் நின்று கல்யாணம் முடித்தேன். இத்தனைக்கும் ஒருத்தர் வீட்டு வாசலில் போய் நின்று எனக்கு இதைச் செய்யுங்கள் என்று வாய் திறந்ததில்லை. பட்டாபிராமில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

ஒரே ஒரு வாசலில் நின்றிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயசு. அதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது சொல்ல வைத்தவள் என் பேத்தி. எழுத்து எனக்கு ஒவ்வொன்றாகக் கூட்டினால்தான் வரும். அதனால் நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

போன வாரம் அவளுக்குப் பார்சலில் ஒரு டப்பா வந்தது. உள்ளே நிறம் நிறமாகக் கல், ஒரு சுருள் செம்புக் கம்பி, கைக்கு அடக்கமாக ஒரு குறடு. போனில் ஒருத்தி கல்லைக் கம்பியால் சுற்றிச் சுற்றிக் கட்டி டாலராகத் தொங்கவிடுகிறாள். அதைப் பார்த்து இவளும் கட்டினாள். கட்டி முடித்துத் தூக்கிக் காட்டினால் கல் நழுவிக் கீழே விழுகிறது, வெறும் கம்பி கையில் நிற்கிறது. மறுபடி கட்டினாள், மறுபடி விழுந்தது. "இன்னா ஆயா, நிக்கவே மாட்டேங்குது" என்றாள்.

அது ஏன் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவினேன். அவள் விடுகிறவளா? பின்னாலேயே வந்து, "கல்லு வியுந்தா உனக்கு இன்னாத்துக்கு மூஞ்சி மாறுது?" என்று பிடித்துக்கொண்டாள்.

சரி, கேள்.

அப்போது நாங்கள் திருமுல்லைவாயிலில் இருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்ற வேண்டும். அதுவரைக்கும் எங்கள் ஆட்கள் எல்லாரும் ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள். சட்டை மாட்டிக்கொண்டு, சங்கு ஊதுகிற நேரத்துக்கு வேலைக்குப் போன முதல் ஆள் நைனாதான். அம்மாவுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கிணற்றடிக்குப் போனால், "எங்க ஊட்டுக்காரு கம்பெனில கீறாரு" என்று ஒரு தடவையாவது சொல்லாமல் குடத்தைத் தூக்க மாட்டாள்.

எஸ்டேட் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கே பார்த்தாலும் கட்டட வேலை, மணல் மேடு. மணலைச் சலித்தால் சல்லடையில் கூழாங்கல் தங்கும். தேன் நிறத்தில் இருக்கும், ஈரல் நிறத்தில் இருக்கும், முட்டை மாதிரி வெள்ளையாக இருக்கும். பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிற ஒருத்தி, அவளுடைய அப்பாவுக்குப் பூந்தமல்லியில் கடை, ஒரு நாள் பச்சைக் கல்லைத் தங்கக் கம்பியில் கட்டின டாலர் போட்டுக்கொண்டு வந்தாள். தொட்டுப் பார்க்கிறேன் என்று கையை நீட்டினேன். "உன் கை அய்க்கு" என்று தள்ளிவிட்டாள். என்னிடம் கல் இருந்தது, என் அப்பா கம்பி சுற்றுகிறவர். நான் ஏன் இன்னொருத்தி கழுத்தைத் தொட வேண்டும்?

நைனாவிடம் கேட்டேன். முதலில் கொண்டுவந்தது எரிந்த கம்பி. அதை மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கரி மாதிரி இருந்தது. இரண்டு மடக்கு மடக்கினால் பட்டென்று ஒடிந்தது. எப்படியோ ஒன்றைச் சுற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். கழுத்தெல்லாம் மை. "அடுப்புலேர்ந்து எட்த்தியா?" என்று கேட்டாள் அந்தப் பச்சைக் கல்காரி. வகுப்பே சிரித்தது.

வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் குப்புறப் படுத்துக்கொண்டேன். நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா வோணும் உனக்கு?"

"மின்னுற மாரி கம்பி."

"சரி, எயுந்து துன்னு" என்றார்.

சில நாள் கழித்து, சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் கதவைச் சாத்தச் சொன்னார். சட்டையைக் கழற்றினார். அரைஞாண் கயிற்றுக்கு மேலே, இடுப்பைச் சுற்றி வரிவரியாகக் கம்பி. ஓட்டுச் சந்தில் விழுந்த வெயிலில் பளபளவென்று இருந்தது. முனையை என் கையில் கொடுத்து, "புட்ச்சுகினு நில்லு" என்று சொல்லிவிட்டு, பம்பரம் மாதிரி மெதுவாகச் சுற்றினார். அவர் சுற்றச் சுற்றக் கம்பி என் கைக்கு வந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் சிரித்தார். அம்மா மட்டும் அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கம்பி இருந்த இடத்தில் நைனா இடுப்பில் சிவப்புச் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. கம்பெனிக்குப் போகிற அப்பாக்கள் எல்லாரும் இப்படித்தான் வீட்டுக்கு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கட்டுகிற விதம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நைனாவுக்கு மோட்டாருக்குச் சுற்றத் தெரியும், கல்லுக்குத் தெரியாது. நானாக, சாமான் மூட்டையைக் கட்டுகிற மாதிரி கல்லின் வயிற்றில் இறுக்கிச் சுற்றினேன். கம்பி முண்டும் முடிச்சுமாக வளைந்தது. முனை விரலில் ஏறியது. மணலில் உருண்டு வந்த கல் அல்லவா, சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். கடைசியில் தேன் நிறக் கல் ஒன்று நின்றது. நின்றது என்று நான் நினைத்தேன். மேலே ஒரு வளையம் வளைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் எல்லார் குடும்பத்தையும் கூப்பிடுவார்கள். அம்மா கல்யாணப் புடவை கட்டிக்கொண்டாள். கிளம்பும்போது என் கழுத்தைப் பார்த்து, "அத்த கயட்டி வச்சிட்டு வா" என்றாள். கழற்றாமல் சட்டைக்குள்ளே தள்ளிக்கொண்டேன். பட்டறைக்குள் கால் வைத்ததும் வெளியே எடுத்து விட்டேன். மிஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு, வாசலில் வாழைக்கன்று, காகிதத் தோரணம். எனக்கென்னவோ அத்தனையும் என் டாலருக்காகக் கட்டின மாதிரி இருந்தது.

நைனாவோடு வேலை செய்கிற ஒருவர்தான் முதலில் பார்த்தார். "இன்னா மாமே, பொண்ணுக்கு நகைக்கடையே வச்சுக் குட்த்துட்டியா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நைனாவும் சிரிக்கப் பார்த்தார். பொரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்த மேஸ்திரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நல்ல மனுஷர், குழந்தைகள் என்றால் ஆசை.

"யாரு கட்னது கண்ணு?"

"நான்தான்."

"அடேங்கப்பா! ஏது கம்பி?"

இவ்வளவு பேர் எதிரில் என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, பட்டறை முழுக்கக் கேட்கச் சொன்னேன்.

"எங்க நைனா இடுப்புல சுத்திகினு வருவாரு!"

சொன்னதோடு நிற்கவில்லை. நன்றாகப் பாருங்கள் என்று கழுத்திலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தேன். கொடுத்ததும் கல் நழுவி, டக்கென்று சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. நகைக்கடை என்று கிண்டல் பண்ணினவர் பொரிப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே இருந்தார். மேஸ்திரி வெறும் கம்பியை விரலில் பிடித்து, கட்டை விரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்த்தார். நான் மிஷினுக்கு அடியில் குனிந்து கல்லைத் தேடினேன். எடுத்து, தூசியைப் பாவாடையில் துடைத்து, "இன்னொரு தபா இறுக்கிக் கட்டிடறேன், வியாது" என்றேன். மேஸ்திரி கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு பொட்டலம் பொரியை எடுத்து என் கையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது நைனா முன்னால் நடந்தார். எப்போதும் பிடித்துக்கொள்ளச் சுண்டுவிரலைக் கொடுப்பார், அன்றைக்குக் கை பின்னால் கட்டியிருந்தது. "கயட்டி வச்சிட்டு வான்னு சொன்னனா இல்லியா?" என்று அம்மா என் தோளைக் கிள்ளினாள். "வுடு. அது இன்னா பண்ணும்" என்றார் நைனா. ஒரு கல் விழுந்ததற்கா இவ்வளவு?

விஜயதசமி கழிந்து வேலைக்குப் போனவர், உச்சிப்பொழுதுக்கு முன்பே திரும்பிவிட்டார். அம்மா தூக்குச் சட்டியைத் திறந்தாள். காலையில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது. அன்றைக்குத் தண்ணீர் எடுக்க அவள் போகவில்லை. குடத்தை என் இடுப்பில் வைத்து அனுப்பினாள்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். கம்பி சுற்றுகிறவர் மகள் சுற்றின கம்பி எல்லார் எதிரிலும் நிற்கவில்லை. அப்படிப்பட்டவரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? ஆக, நிற்கிற மாதிரி கட்டிக் காட்டிவிட்டால் போதும், கூப்பிட்டுக்கொள்வார்கள். சிரிக்காதே, எழுது. பத்து வயசில் அது சரியாகத்தான் பட்டது.

மல்லாந்து படுத்து யோசித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது உறி. தயிர்ச் சட்டியும் உருண்டைதான், அதுவும் வழுக்கும், அது ஏன் விழவில்லை? அதற்கு வயிற்றில் கட்டில்லை. கயிறு சட்டிக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாகப் போய், நான்கு பக்கமும் மேலே ஏறி, உச்சியில் ஒன்றாகச் சேருகிறது. சட்டியின் கனமே கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறது. எழுந்து உட்கார்ந்தேன். வீட்டில் மீதி இருந்த கம்பியைக் கல்லுக்கு அடியில் குறுக்கே போட்டு, நான்கு கையாக மேலே ஏற்றி, உச்சியில் சேர்த்து முறுக்கி, முனையை உள்ளே அழுத்தினேன். உதறினேன், குதித்தேன், குடத்துத் தண்ணீரில் முக்கி எடுத்தேன். கல் அசையவில்லை.

மேஸ்திரி வீடு கோயில் குளத்துக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குத் தெரியாமல் போய் வாசலில் நின்றேன். அவருடைய பெண்சாதி வந்து எட்டிப் பார்த்து அவரைக் கூப்பிட்டார். டாலரை நீட்டினேன்.

"இப்ப வியாது. ஆட்டிப் பாருங்க. எங்க நைனாவ வேலைக்கு வரச் சொல்லுங்க."

மேஸ்திரி வாங்கி ஆட்டினார். திருப்பி, அடியில் குறுக்கே போட்டிருந்ததை விரலால் தடவினார். "நல்லாத்தான் கட்டிகீற" என்றார். அவர் பெண்சாதி டாலரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன்.

"ஒங்களுக்கும் ஒண்ணு கட்டித் தரேங்க்கா. ஊட்ல இன்னும் நெறைய கம்பி கீது."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மேஸ்திரி டாலரை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "ஊட்டுக்குப் போ கண்ணு. இத்த யாராண்டயும் காட்டாத." முறுக்குக் கொடுத்தார்கள். கடித்துக்கொண்டே வந்தேன்.

நைனாவிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். மேஸ்திரி மெச்சினதைச் சொன்னேன். இன்னும் நிறையக் கம்பி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்ததையும் சொன்னேன். அவர் எழுந்தார். அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த கம்பியை எல்லாம் எடுத்தார், நான் கட்டினதையும் வாங்கிப் பிரித்தார். அடியில் குறுக்கே போட்ட இடத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. கல்லை என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பியை ஒரே சுருளாகச் சுற்றினார். சட்டை போட்டு, பட்டனை எல்லாம் மாட்டி, சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்து போனார். வெயிலில் அது அப்படி மின்னியது. தெருவே பார்த்தது. வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், அதுதான் கம்பியோடு போகிறார் என்று நான் துள்ளிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினேன். வெறுங்கையோடு திரும்பி வந்தார். என் தலையில் கை வைத்தார். "போய் வெள்ளாடு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எஸ்டேட் பக்கம் போகவில்லை. பூந்தமல்லியில் கிணற்று மோட்டார் சரிபண்ணுகிற ஒருவரிடம் கூலிக்குப் போனார். அம்மா மணல் சலிக்கப் போனாள். சல்லடையில் தங்கின கல்லில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. அப்போது தவழ்ந்துகொண்டிருந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் வீட்டில் நின்றேன். என் படிப்பும் அங்கேயே நின்றது.

கல்யாணமாகி, ஒரு நாள் என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, கம்பெனி கேட்டில் தினமும் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுகிறார்கள் என்று சொன்னார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்றைக்குப் பட்டறையில் நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மற்ற எல்லாரும் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் காதில் விழுந்த பிறகு அந்த மேஸ்திரியால்தான் என்ன செய்திருக்க முடியும்?

ஆனால் இன்னொன்று இருக்கிறது. அதற்கப்புறம் நைனா வீட்டில் சட்டையைக் கழற்றினதே இல்லை. சித்திரை வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், கழற்ற மாட்டார். என் மேல் கோபம், அதனால்தான் என்னோடு பம்பரம் சுற்ற வரவில்லை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். என்னைப் பார்த்து அவர் வெட்கப்பட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எழுதிட்டியா? எங்க, முதல்லேர்ந்து படி, கேக்கறேன். நைனா இடுப்புல கம்பி சுத்திகினு வருவாருன்னு நான் சொன்ன எடம் வர்றப்ப மட்டும் கொஞ்சம் கொரல எறக்கிப் படி கண்ணு. ஜன்னல் தொறந்து கீது.