கடைமடைப் புகையிலை

போன மாதம் போடியில் ஒரு விதைக் கண்காட்சி போட்டிருந்தார்கள். சும்மா இருக்கிறவன்தானே, நானும் நுழைந்தேன். பளபளப்பான பொட்டலம் ஒன்றில் 'போடி மண்ணுக்கே உரிய பாரம்பரியப் புகையிலை' என்று அச்சடித்திருந்தது. "இது எந்த ஊர் வயல்ல எடுத்த வெத?" என்று விற்றவரிடம் கேட்டேன். "கம்பெனில இருந்து வருதுண்ணே" என்றார் பெருமையாக. பொட்டலத்தை முகர்ந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாசம்தான் அடித்தது.

புகையிலை விதையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மூக்குப்பொடியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பக்கத்தில் நின்று தும்மினால் ஒரு வயலுக்கான விதை பறந்துவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தூசியைப் பையில் போட்டுக்கொண்டு ராசிங்காபுரம், தேவாரம் என்று சைக்கிளில் அலைந்தவன் நான். புகையிலை வாங்கும் கம்பெனி ஒன்றின் விதை ஆள். கால்சட்டை மடிப்பு கலையாமல் இருக்கும், மண்டைக்குள் ஒன்றும் இருக்காது. எங்கள் மேலாளர் என்னைவிட மோசம். வரப்பில் நடக்கும்போதும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். அவரைத்தான் நான் அறிவாளி என்று நம்பியிருந்தேன்.

எங்கள் விதையில் இலை முறம் மாதிரி வரும் என்று ஊர் ஊராகச் சொன்னேன். ராசிங்காபுரத்தில் எல்லோரும் வாங்கினார்கள், ஒச்சம்மாளைத் தவிர. நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர், அதில் ஓர் உப்புக் கிணறு. "எங்க வெத எங்களுக்குப் போதும் சார்" என்று ஒவ்வொரு வருடமும் திருப்பி அனுப்பிவிடுவார். பிடிவாதக்காரி என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்போம்.

ஒரு தை மாதம் மேலாளர் இரண்டு பெரிய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வயல் பார்க்க வந்தார். ரோட்டோரம் இருந்ததால் ஒச்சம்மாள் வயலில் இறங்கினோம். அவர் அந்த வாரம் மலையில் ஏலக்காய் எடுக்கப் போயிருந்தார். புகையிலையில் பூவைக் கிள்ளினால்தான் இலை தடிக்கும். எல்லாச் செடியிலும் கச்சிதமாகக் கிள்ளியிருந்தார். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை மூலையில் மட்டும், உப்புப் பூத்த மண்ணில் நாலு குட்டைச் செடிகள் பூத்து நின்றன. ஒவ்வொன்றின் தண்டிலும் பழைய சேலைக் கிழிசல் கட்டியிருந்தது.

"இது என்னய்யா?" என்றார் மேலாளர்.

"திருஷ்டிக்குக் கட்டியிருக்காங்க சார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். விதைக்கு விடுகிற செடி வயலிலேயே வாட்டசாட்டமானதாக இருக்கும் என்றுதான் என் புத்தகம் சொல்லியிருந்தது. இந்தச் சோனிகளுக்குப் பூ எதற்கு என்று நாலு பூங்கொண்டையையும் நானே ஒடித்தேன். மேலாளர் ஒரு படமும் எடுத்தார்.

நாலாம் நாள் மலையிலிருந்து வந்த தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு ஒச்சம்மாள் அலுவலகத்துக்கு வந்தார்.

"பூவ ஒடிச்சது ஆரு?"

"நாந்தான். நோஞ்சான் செடிம்மா அது."

"நோஞ்சானா? நடுவயல்ல நல்லாத் தின்னு வளந்தது எங்கிட்டு வச்சாலும் வளரும். இது உப்புத் தண்ணியக் குடிச்சு, மலைக்காத்துல சாயாம நின்னு பூத்துச்சு. எங்க மாமியா காலத்துலருந்து அப்பிடி நிக்கிறதுலதான் வெத எடுக்குறோம். அடையாளத்துக்குத் துணி கட்டிட்டுப் போனேன். சொரக் குடுக்கையில கெடந்த பழைய வெதையும் தீந்துபோச்சு. மழையில நாத்து அடிச்சிட்டுப் போயி ரெண்டாந்தரம் பாவுனேன். இனி எதக் கொண்டாந்து வெதைப்பேன்?"

வெட்கமில்லாமல் ஒரு கம்பெனிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அவர் என் கால்சட்டை மடிப்பைப் பார்த்தார். "படிச்சவுக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு வழியில்லாமல் மறு வருடம் எங்கள் விதையைத்தான் போட்டார். இலை முறம் மாதிரிதான் வந்தது. உப்புத் தண்ணீரில் ஓரமெல்லாம் கருகி, மலைக்காற்றில் நார் நாராகக் கிழிந்தது. நல்ல தண்ணீர் பாய்ந்த தேவாரத்து வயல்களில் அதே விதை அருமையாக விளைந்ததையும் சொல்ல வேண்டும். ஒச்சம்மாளின் கிணறு அதற்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அதிலேயே கடைமடையில் விதை எடுத்து வந்திருந்தால் பத்துப் பதினைந்து வருடத்தில் பழகியிருக்குமோ என்னவோ. ஆனால் வருடா வருடம் புதுப் பொட்டலம் வாங்க வைப்பதுதானே என் சோலி. அடுத்த வருடம் அவர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு ஏலத்தோட்டத்துக்கே குடிபோய்விட்டார். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

இன்று அந்த வயல் இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது, கம்பெனியையும் மூடிவிட்டார்கள். மேலாளர் எடுத்த படம் மட்டும் என் பீரோவில் இருக்கிறது. நாலு மொட்டைத் தண்டுகளில் சேலைக் கிழிசல்கள் ஆடுகின்றன. விதையாகியிருக்க வேண்டிய கடைசிப் பூக்கள் கொத்தாக என் கையில் இருக்கின்றன. நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.